பூர்வகுடி நல்லிணக்க ஆலோசனை: கனடாவில் தமிழ் வணிகங்களும் சங்கங்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் பக்கத்துக் கடைக்காரர், மருத்துவமனை நடத்துவோர், லொறிக் கம்பனிக்காரர், கோவில் நிர்வாகம், ஊர்ச்சங்கம் என்று பலரும் கேட்கும் சந்தேகங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

1. பூர்வகுடி நல்லிணக்க ஆலோசனை எண்டால் என்ன? ஆலோசகர் வந்து என்னதான் செய்வார்?

ஒரு நிறுவனம் பூர்வகுடி மக்களோடு எப்படி நடந்துகொள்கிறது என்பதை நான்கு இடங்களில் பார்த்துச் சொல்வதுதான் இந்த வேலை: ஆளெடுப்பு, கொள்வனவு, ஊழியர் பயிற்சி, நிலத்தோடும் அங்குள்ள சமூகத்தோடும் உள்ள உறவு. ஆலோசகர் முதலில் உங்கள் கடதாசிகளைப் படிப்பார், ஊழியரோடு பேசுவார், எங்கே ஓட்டை என்று எழுதித் தருவார். பிறகு யார், எப்போது, எவ்வளவு செலவில், எதைச் செய்வது என்று ஒரு திட்டம் வரும்.

இதற்கு அடிப்படை, கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட 94 செயல் அழைப்புகள். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடம் இருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்ட 1,50,000க்கு மேற்பட்ட பிள்ளைகளின் கதையைக் கேட்டு எழுதிய ஆணைக்குழு அது. தலைவர் மரி சின்கிளேர். அதன் 92ஆம் அழைப்பு நேரே வணிகங்களைப் பார்த்துப் பேசுகிறது. நிலத்தைத் தொடும் திட்டம் என்றால் முன்கூட்டிய, நிர்ப்பந்தமற்ற, விபரம் அறிந்த சம்மதம் பெறு. வேலையிலும் பயிற்சியிலும் சமமான வாய்ப்புக் கொடு. முகாமையாளருக்கும் ஊழியருக்கும் வரலாற்றைச் சொல்லிக்கொடு. மூன்றே விடயம். ஆலோசகர் தரும் எண்பது பக்க அறிக்கையும் கடைசியில் இந்த மூன்றுக்குள்தான் அடங்கும்.

2. நல்லிணக்கம் எண்ட சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருது. இலங்கையில பாத்தது காணாதா?

எரிச்சல் நியாயமானது. 2010இல் இலங்கை அரசு அமைத்த ஆணைக்குழுவின் பெயரிலும் இந்தச் சொல் இருந்தது. பொறுப்புக்கூறல் இல்லாமல் நல்லிணக்கம் பேசியதைத் தமிழர் மறக்கவில்லை. கனடாவிலும் பூர்வகுடி மக்களில் பலருக்கு இதே சந்தேகம் உண்டு. நிலமும் அதிகாரமும் திரும்பி வராமல் மன்னிப்பு மட்டும் வந்தால் அது என்ன நல்லிணக்கம் என்று அவர்கள் கேட்கிறார்கள்.

ஆகவே இந்தச் சொல்லை நம்பாத தமிழர் இந்த வேலைக்குப் பொருத்தமானவர் என்றே நினைக்கிறோம். ஆணைக்குழுவின் பெயரில் ‘உண்மை’ முதலில், ‘நல்லிணக்கம்’ பிறகு. வரிசையை மாற்றும் எந்தத் திட்டத்தையும் சந்தேகியுங்கள்.

3. நாங்கள் அகதியா வந்தனாங்கள். காணியைப் பிடிச்சது நாங்கள் இல்லையே?

இல்லை. வதிவிடப் பள்ளி நடத்தியதும் நீங்கள் இல்லை. இங்கே கேட்கப்படுவது பழி ஏற்பது அல்ல. இன்று நீங்கள் வீடும் கடையும் வைத்திருக்கும் உறுதி எந்த உடன்படிக்கையின் மேல் நிற்கிறது என்று அறிந்திருப்பதும், அந்த உடன்படிக்கையின் மற்றப் பக்கத்தாரும் இங்கேயே இருக்கிறார்கள் என்பதை ஏற்று நடப்பதுமே.

ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. 94ஆம் செயல் அழைப்பின்படி, 2021 ஜூனில் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் மாற்றப்பட்டது. முதற்குடிகள், இனுயிட், மேட்டி மக்களின் பூர்வகுடி உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் அரசியலமைப்பு ஏற்று உறுதிசெய்கிறது என்ற வரி அதில் வந்திருக்கிறது. அதன் பின் குடியுரிமை எடுத்த உங்கள் மைத்துனர் கையை உயர்த்திச் சொன்னது இதைத்தான்.

ரொறன்ரோ நிலத்தின் கதையும் தெரிந்திருக்க வேண்டியது. 1787இல் மிசிசாகா மக்களிடம் நிலம் ‘வாங்கப்பட்டது’. உறுதியில் குறைபாடு இருந்ததால் 1805இல் திரும்ப எழுதினார்கள்: 2,50,830 ஏக்கர், விலை 10 ஷில்லிங். இதற்கான உரிமைக்கோரிக்கை 2010இல்தான் 145 மில்லியன் டொலருக்குத் தீர்ந்தது. உறுதி, எல்லை, ஏமாற்று எழுத்து என்பதெல்லாம் எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லாத விடயங்கள்.

4. அவையளை எப்பிடிக் கூப்பிடுறது? செவ்விந்தியர் எண்டு சொல்லலாமோ?

வேண்டாம். அது தோலின் நிறத்தையும் கொலம்பஸின் பிழையையும் ஒன்றாகச் சேர்த்த சொல். பழைய பாடப்புத்தகத்தோடு போகட்டும். ‘எஸ்கிமோ’வும் அப்படியே. பொதுவாகப் ‘பூர்வகுடி மக்கள்’ என்று சொல்லலாம். 1982 அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு மூன்று பிரிவினரைச் சொல்கிறது: முதற்குடிகள், வடதுருவப் பக்கத்து இனுயிட், பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்த மேட்டி. சட்டத்தில் முதற்குடிகளுக்கு இன்னும் ‘இந்தியர்’ என்ற பெயர்தான், 1876இன் இந்தியர் சட்டமும் திருத்தங்களோடு நடப்பில் உண்டு. சட்டத்தைக் குறிக்கும்போது மட்டும் அந்தச் சொல்லைப் பாவியுங்கள்.

2021 குடிசன மதிப்பில் ஏறத்தாழ 18 இலட்சம் பேர், நாட்டின் சனத்தொகையில் 5 வீதம். அறுநூறுக்கு மேற்பட்ட முதற்குடிச் சமூகங்கள், எழுபதுக்கு மேற்பட்ட மொழிகள். ஆகவே முடிந்தவரை அந்த மக்களின் சொந்தப் பெயரைச் சொல்லுங்கள்: அனிஷினாபே, ஹோடனோஷோனி, வெண்டாட், கிரீ. எங்களை ‘தெற்காசியர்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்மேல் வரும் சலிப்பை நினைத்தால் காரணம் புரியும்.

5. இது சட்டப்படி கட்டாயமா? செய்யாட்டில் தண்டமா?

92ஆம் அழைப்பு சட்டம் அல்ல. ஒன்ராறியோவில் ஒரு தனியார் கடைக்கோ கணக்காளர் அலுவலகத்துக்கோ நல்லிணக்கத் திட்டம் இல்லை என்பதற்காகத் தண்டம் இல்லை. 2021இல் நிறைவேறிய, ஐ.நா. பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தை நடைமுறைப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டமும் கடமையை அரசின்மேல்தான் வைக்கிறது.

ஆனால் மனித உரிமைக் கோவை எல்லோருக்கும் பொருந்தும். பூர்வகுடி வாடிக்கையாளரைப் பாகுபாடாக நடத்தினால் தீர்ப்பாயம் வரை போகலாம். அதைவிட நடைமுறையில் வரும் அழுத்தம், கேள்விக்கொத்து. பெரிய வங்கியோ நகரசபையோ ஏலத்துக்கு அழைக்கும்போது ‘பூர்வகுடி உறவு பற்றி உங்கள் கொள்கை என்ன’ என்று ஒரு பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியைக் கண்ட பிறகு ஆலோசகரைத் தேடுகிறவர்களே அதிகம். பத்து நாளில் நிரப்ப வேண்டிய பெட்டிக்குப் பொய்யைத் தவிர வேறெதையும் எழுத முடியாது என்பதுதான் சிக்கல்.

6. எங்கட கடையில பத்துப் பேர். எங்களுக்கும் ஆலோசகர் தேவையா?

தேவையில்லை. அந்தக் காசை மிச்சம் பிடித்து இரண்டு வேலை செய்யுங்கள்.

முதலாவது, அல்பேர்ட்டா பல்கலைக்கழகம் இணையத்தில் தரும் பூர்வகுடி வரலாற்றுப் பாடநெறி. பன்னிரண்டு பாடங்கள், சான்றிதழ் வேண்டாம் என்றால் இலவசம். முதலாளி முதலில் படிக்க வேண்டும், பிறகு ஊழியருக்குச் சம்பள நேரத்தில் படிக்க இடம் கொடுக்க வேண்டும். ‘வீட்டில பாருங்கோ’ என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாவது, காசுப்பெட்டி. ஸ்ரேற்றஸ் அட்டை (இந்தியர் சட்டத்தின் கீழ் பதிவானவருக்கு அரசு கொடுக்கும் அடையாள அட்டை) வைத்திருக்கும் முதற்குடி வாடிக்கையாளருக்கு, ஒன்ராறியோவில் தகுதியான பொருட்களில் எச்எஸ்ரி விற்பனை வரியின் 8 வீத மாகாணப் பங்கைக் காசாளரே விட்டுக்கொடுக்க வேண்டும். 5 வீதம் மட்டும் அறவிடலாம். 2010 செப்ரெம்பரிலிருந்து இந்த நடைமுறை. பெயர், அட்டையின் பதிவு எண், சமூகத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது என்பதால் உங்கள் சரக்கில் எது உள்ளே, எது வெளியே என்று வரித்துறையின் பட்டியலைப் பார்த்து ஒரு தாளில் எழுதி காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இயந்திரத்திலும் ஒரு பொத்தான் வையுங்கள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது, வரிசையில் நிற்பவர்கள் கேட்கச் சத்தமாக முகாமையாளரைக் கூப்பிடுவது, ‘இது என்ன காட்’ என்று கேட்பது ஆகிய மூன்றும் நின்றாலே உங்கள் கடை பல பெரிய நிறுவனங்களைத் தாண்டிவிடும்.

இது சின்ன விடயம் இல்லை. 2019 டிசம்பரில் வான்கூவரில், கணக்குத் திறக்க வங்கிக்குப் போன ஹெயில்ட்சுக் இனத்துத் தாத்தாவுக்கும் 12 வயதுப் பேத்திக்கும் கைவிலங்கு விழுந்தது. அட்டைகளில் சந்தேகப்பட்டுக் கிளை ஊழியர் பொலிஸைக் கூப்பிட்டதுதான் தொடக்கம்.

7. நில அங்கீகார உரையை இன்டர்நெட்டில இருந்து எடுத்து வாசிச்சால் போதுமோ?

நிகழ்வின் தொடக்கத்தில், அது நடக்கும் நிலம் எந்தப் பூர்வகுடி மக்களுடையது என்று சொல்வதுதான் நில அங்கீகார உரை. எடுத்து வாசிப்பதில் வரும் முதல் பிழை ‘விட்டுக்கொடுக்கப்படாத நிலம்’ என்ற தொடர். வான்கூவருக்கும் ஒட்டாவாவுக்கும் அது சரி. அங்கே உடன்படிக்கை இல்லை. ரொறன்ரோவில் 13ஆம் உடன்படிக்கையும் (3ஆம் கேள்வியில் சொன்ன 1805இன் உறுதி) 1923இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளும் இருக்கின்றன. ஏஜாக்ஸ், பிக்கரிங் பக்கம் வில்லியம்ஸ். பிரம்டனில் 1818இன் அஜெட்டன்ஸ் உடன்படிக்கை. உங்கள் நகரசபையின் தளத்தில் உங்கள் இடத்துக்குரிய வாசகம் இருக்கும். அதை அந்தந்த முதற்குடியின் தளத்தோடு ஒப்பிடுங்கள். இணையத்தில் உள்ள வண்ண வரைபடங்கள் ஆரம்பத்துக்கு உதவும், அத்தாட்சி ஆகாது.

உரையில் மூன்று இருந்தால் போதும்: யாருடைய நிலம், எந்த உடன்படிக்கை, இந்த அமைப்பு அதற்காகச் செய்யும் ஒரு காரியம். மூன்றாவது இல்லாத உரை தேவாரம் பாடாத ஓதுவார் மாதிரி, ஆள் நிற்கிறார், வேலை நடக்கவில்லை. தமிழ் நிகழ்வு என்றால் தமிழிலேயே சொல்லுங்கள்; சபைக்கு விளங்க வேண்டும். உதாரணமாக: ‘நாம் கூடியிருக்கும் இந்த நிலம் கிரெடிட் மிசிசாகா முதற்குடியின் உடன்படிக்கை நிலம். அனிஷினாபே, ஹோடனோஷோனி, வெண்டாட் மக்களும் நெடுங்காலம் வாழ்ந்த இடம். இந்த ஆண்டு எமது சங்கம் விழா உணவுச் செலவில் ஒரு பங்கைப் பூர்வகுடி வணிகத்துக்கு ஒதுக்கியிருக்கிறது.’ பெயர்களை முதல் நாளே உச்சரித்துப் பழகுங்கள்.

அங்கீகார உரையைச் சொல்ல வேண்டியவர் விழா நடத்துகிறவர். ‘வரவேற்பு’ சொல்ல உரிமையுள்ளவர் அந்த நிலத்துக்குரிய சமூகத்தவர் மட்டும். இரண்டையும் குழப்பி, வந்திருக்கும் பூர்வகுடி விருந்தினரின் கையில் உங்கள் தாளைத் திணிக்காதீர்கள்.

8. செப்ரெம்பர் 30க்கு லீவு விடோணுமா?

செப்ரெம்பர் 30 உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள். வங்கி, விமானம், தொலைத்தொடர்பு, மாகாண எல்லை தாண்டி ஓடும் லொறிக் கம்பனி போன்ற கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களுக்கு 2021 முதல் அது சட்டப்படியான விடுமுறை. லொறி ஓட்டுவோர் இதைத் தவறவிடுவது உண்டு. விடுமுறைச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒன்ராறியோ மாகாணச் சட்டத்தின் கீழ் வரும் கடைகளுக்குக் கட்டாயம் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிளை இருந்தால் 2023 முதல் அங்கே உண்டு.

வதிவிடப் பள்ளிப் பிள்ளைகளின் நினைவாக அன்று அணியும் செம்மஞ்சள் சட்டையை நீங்களே அச்சடித்து விற்று இலாபம் எடுக்க வேண்டாம். பூர்வகுடித் தயாரிப்பாளரிடம் வாங்குங்கள், ஓகஸ்ட் மாதத்திலேயே சொல்லிவையுங்கள். அது துக்க நாள்; டிஜே, கேக், ‘ஹாப்பி’ என்ற சொல் எதுவும் பொருந்தாது. கொண்டாட விருப்பம் என்றால் ஜூன் 21, தேசிய பூர்வகுடி மக்கள் நாள், இருக்கிறது. செப்ரெம்பர் 30 அன்று ஊழியர் யாருக்காவது பழைய காயம் கிளறப்பட்டால் கொடுக்க வேண்டிய எண்ணையும் அறிவிப்பில் போடுங்கள்: வதிவிடப் பள்ளி உயிர்தப்பியவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் 24 மணி நேர உதவி, 1-866-925-4419.

9. எங்கட நிறுவனத்தில 60 பேர். எங்க தொடங்கி எவ்வளவு காலத்தில முடிக்கிறது?

முடிக்கும் வேலை அல்ல. முதல் சுற்றுக்கு ஓராண்டு வையுங்கள். மூன்று மாதத்தில் என்று சொல்பவர் உங்கள் பெயரை ஒட்டிய பழைய திட்டம் ஒன்றைத் தரப் போகிறார்.

முதல் இரண்டு மாதம் உள்ளே பார்ப்பது. கடந்த மூன்று ஆண்டுக் கொள்வனவுப் பட்டியலை எடுத்து, எத்தனை டொலர் பூர்வகுடி வணிகங்களுக்குப் போனது என்று கணக்குப் பாருங்கள். பெரும்பாலும் பூச்சியம் வரும்; வெட்கப்படாமல் எழுதுங்கள், அதுதான் அளவுகோலின் தொடக்கம். வேலை விளம்பரங்களில் தேவையில்லாத பட்டப்படிப்பு, வாகன அனுமதிப்பத்திரம் போன்ற தடைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். துக்க விடுப்பில் ‘நெருங்கிய உறவு’ யார் என்று எழுதியிருக்கிறது? பெரியம்மாவின் செத்தவீட்டுக்கு விடுப்பு இல்லாத கொள்கையில் எங்களுக்கே கோபம் வரும். பூர்வகுடி ஊழியருக்கும் அதே இடத்தில்தான் இடிக்கும்.

மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பயிற்சி. முகாமையாளர்களும் பணிப்பாளர் சபையும் முதலில். ஒரு அமர்வு மூன்று மணி நேரம், இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். அறுபது பேரையும் சூமில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் கமெராவை மூடிவிட்டு மின்னஞ்சல் பார்ப்பார்கள். வதிவிடப் பள்ளி, உடன்படிக்கைகள், இந்தியர் சட்டம் மூன்றும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். 1927 முதல் 1951 வரை நில உரிமைக்கோரிக்கைக்குக் காசு சேர்ப்பதையும் வழக்கறிஞர் அமர்த்துவதையும் அந்தச் சட்டம் தடுத்தது என்பதைக் கேட்ட பிறகு, ‘ஏன் அப்பவே வழக்குப் போடேல்லை’ என்ற கேள்வி எழாது.

திட்டம் எழுதுவது ஏழாம் மாதத்தில்தான். முப்பது வாக்குறுதி வேண்டாம், ஏழெட்டுப் போதும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஒருவரின் பதவி, திகதி, வரவு செலவில் ஒரு வரி. ‘முயற்சிப்போம்’, ‘ஊக்குவிப்போம்’ என்று முடியும் வரிகளை வெட்டிவிடுங்கள். மிச்ச மாதங்களில் முதல் இரண்டு மூன்றைச் செய்து காட்டிவிட்டு, பிறகே வெளியில் அறிவியுங்கள். தலைகீழாகச் செய்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: விழா வைத்துத் திட்டத்தை வெளியிடுவார்கள், அதை எழுதிய மனிதவள அதிகாரி ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போவார், கோப்பு எங்கே என்று பிறகு ஒருவருக்கும் தெரியாது.

10. நல்ல ஆலோசகரை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பூர்வகுடி ஆளாத்தான் இருக்கோணுமா?

வேலையைப் பொறுத்தது. கொள்வனவுக் கணக்கு, மனிதவளக் கொள்கை போன்றவற்றை அனுபவமுள்ள எவரும் பார்க்கலாம். பண்பாடு, சடங்கு, வாழ்ந்த அனுபவம் பற்றிக் கற்பிப்பது பூர்வகுடி மக்களின் வேலை. அந்தப் பங்குக்கு அவர்களை அமர்த்தி, அவர்களுக்குரிய பணத்தைக் கொடுக்க வேண்டும்.

தன்னைப் பூர்வகுடி என்று சொல்பவரிடம் ‘எந்தச் சமூகம், அங்கே உங்களை யாருக்குத் தெரியும்’ என்று மரியாதையாகக் கேட்கலாம். ‘எந்த ஊர், ஆற்றை பிள்ளை’ என்று நாங்கள் கேட்பது போன்ற கேள்விதான். உண்மையானவர் சந்தோசமாகப் பதில் சொல்வார். பொய்யாகப் பூர்வகுடி அடையாளம் சொல்லிப் பதவியும் ஒப்பந்தமும் எடுத்தவர்கள் கனடாவில் பலமுறை வெளிப்பட்டிருக்கிறார்கள் என்பதால் கேட்கத்தான் வேண்டும். உறவினரின் மரபணுச் சோதனைத் தாள் இதற்குப் பதில் ஆகாது.

எச்சரிக்கை அடையாளங்கள்: எல்லாச் சமூகங்களுக்கும் தானே பேச முடியும் என்பவர், தலைவர்களிடம் ஆதரவுக் கடிதம் வாங்கித் தருவேன் என்பவர், எந்த ஊர் என்று கேட்காமலே விலை சொல்பவர். ஒப்பந்தத்தில் இரண்டு வரி போடுங்கள். சேகரிக்கும் தகவல், கதை, ஒலிப்பதிவு எல்லாம் சொன்னவருக்கும் அவருடைய சமூகத்துக்கும் உரியவை, நிறுவனத்துக்கு அல்ல. முதற்குடிகள் தங்கள் தரவுக்கு வகுத்த உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்ற நான்கு விதிகள் இதைத்தான் சொல்கின்றன. இரண்டாவது, கொடுப்பனவு. தனியாளாக வேலை செய்யும் ஆலோசகரை 60 நாள் காக்க வைத்துவிட்டு நல்லிணக்கம் பேசினால் சிரிப்பார்கள்.

11. மூத்தவர் ஒருவரைக் கூப்பிட்டால் எவ்வளவு குடுக்கிறது? புகையிலை குடுக்கோணுமாமே?

மூத்தவர் என்பவர் பூர்வகுடிச் சமூகம் வழிகாட்டியாக மதிக்கும் பெரியவர். தொகையை அவரிடமோ அவருடைய உதவியாளரிடமோ நேரே கேளுங்கள். பேச்சாளராக வரும் ஒரு நிபுணருக்குக் கொடுப்பதைவிடக் குறையக் கூடாது. போக்குவரத்து, சாப்பாடு, துணைக்கு வருபவரின் செலவு தனி. அன்றே கையில் சேர வேண்டும், எங்கள் கோவிலில் ஐயருக்குத் தட்சணையை ‘அடுத்த மாதம் அனுப்புறம்’ என்று சொல்வோமா? உங்கள் கணக்குப் பகுதியின் வழங்குநர் பதிவுப் படிவத்தை அவர் தலையில் கட்டாமல், முதல் வாரமே உங்கள் பக்கத்தில் முடித்து வையுங்கள்.

அனிஷினாபே, கிரீ மக்களிடம் ஒன்றைக் கேட்கும்போது புகையிலை வைத்துக் கேட்பது வழக்கம். துணியில் முடிந்த சிறு பொதி, வேண்டுகோள் வைக்கும் நேரத்திலேயே. நிகழ்ச்சி முடிந்த பின் பரிசாக அல்ல. சிலர் இதயத்துக்குக் கிட்ட என்பதால் இடக்கையால் கொடுப்பார்கள். எங்களுக்குக் கூசும், கேட்டுச் செய்யுங்கள். இனுயிட் மூத்தவருக்குப் புகையிலை வழக்கம் இல்லை. எல்லோருக்கும் ஒரே பொதி நீட்டுவது 4ஆம் கேள்வியில் சொன்ன பிழையின் இன்னொரு வடிவம்.

மூலிகைப் புகை காட்டும் ஸ்மட்ஜிங் நடக்கும் என்றால், கட்டட நிர்வாகத்துக்கு ஒரு வாரம் முன்பே எழுத்தில் அறிவித்துப் புகை உணரியை அந்த அறைக்கு நிறுத்தி வையுங்கள். நடுவில் தீயணைப்பு வண்டி வந்து நின்றால் மூத்தவருக்கு அவமானம். சாம்பிராணி மாதிரித்தான் என்று மேடையில் விளக்கம் சொல்லப் போக வேண்டாம், அவர் சொல்லட்டும்.

12. ஒரு பூர்வகுடிப் பங்காளியைப் பேருக்குச் சேர்த்தால் அரசாங்கக் கொந்தராத்துக் கிடைக்குமாமே?

மத்திய அரசின் திணைக்களங்கள் தங்கள் ஒப்பந்தப் பெறுமதியில் குறைந்தது 5 வீதத்தைப் பூர்வகுடி வணிகங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற இலக்கு 2021இல் அறிவிக்கப்பட்டது. பூர்வகுடி வணிகம் என்று பதிய 51 வீத உடைமையும் கட்டுப்பாடும் பூர்வகுடி மக்களிடம் இருக்க வேண்டும். ‘கட்டுப்பாடு’ என்ற சொல்தான் பலர் வாசிக்காமல் விடுவது. காசோலையில் கையெழுத்து, விலை தீர்மானம், ஆளெடுப்பு எல்லாம் உங்களிடமும் பெயர் மட்டும் அவரிடமும் இருந்தால் அது மோசடி. 2024இல் நாடாளுமன்றக் குழுக்கள் இந்தப் பெயரளவுப் பங்காளிகளைப் பற்றியே விசாரித்தன. இதற்கு வழி சொல்லித்தரும் ஆலோசகரிடம் இருந்து விலகுங்கள்.

உண்மையான கூட்டு முயற்சி வேறு. அவருக்குத் திறமையும் தொடர்பும், உங்களுக்கு இயந்திரமும் ஆளும் இருந்தால், இலாபப் பங்கும் பயிற்சியும் எழுத்தில் வைத்துச் செய்யலாம். அதற்கும் முன்னால், அவரிடம் பொருள் வாங்கிப் பாருங்கள்.

13. ஆலோசகர் போய்ச் சமூகத்தோட கதைச்சிட்டார். ஆலோசிக்கிற கடமை முடிஞ்சுதுதானே?

தமிழில் இரண்டுக்கும் ‘ஆலோசனை’ என்று சொல்வதால் வரும் குழப்பம் இது. நல்லிணக்க ஆலோசகர் உங்களுக்கு யோசனை சொல்பவர். கலந்தாய்வுக் கடமை என்பது, பூர்வகுடி உரிமையைப் பாதிக்கக்கூடிய முடிவுக்கு முன் அரசு அந்த மக்களோடு கலந்துபேச வேண்டிய சட்டக் கடமை. 2004இல் ஹைடா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அரசின்மேல் வைத்தது; செயன்முறையின் சில பகுதிகளை நிறுவனத்திடம் கொடுக்கலாம், கடமையைக் கைமாற்ற முடியாது.

உங்கள் கட்டுமானத் திட்டத்துக்கு இது வருமானால், ஆலோசகர் மட்டும் போதாது, இந்தத் துறை வழக்கறிஞர் வேண்டும். கிரெடிட் மிசிசாகா முதற்குடிக்குக் கலந்தாய்வுக்கென்றே தனித் திணைக்களம் இருக்கிறது. கோப்பை வாசிப்பதற்கும் தொல்லியல் அகழ்வில் தங்கள் ஆளை நிறுத்துவதற்கும் செலவை அவர்கள் கேட்பார்கள். அது இலஞ்சம் அல்ல. உங்கள் திட்டத்தைச் சரிபார்க்க அவர்கள் தங்கள் காசைச் செலவழிக்க வேண்டிய அவசியம் இல்லை. தொடக்க வரவு செலவிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

14. தெரிவான தலைவர்மார் கையெழுத்து வைச்சிட்டினம். பிறகேன் தண்டவாளத்தை மறிக்கினம்?

2020 பெப்ரவரியைக் கேட்கிறீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கோஸ்டல் காஸ்லிங்க் எரிவாயுக் குழாய்வழியில் இருந்த 20 முதற்குடிகளின் தெரிவு செய்யப்பட்ட சபைகளோடும் உடன்பாடு இருந்தது. ஆனால் வெட்சுவெட்டன் மக்களின் பரம்பரைத் தலைவர்கள் எதிர்த்தார்கள். தண்டவாளத்தை மறித்தது அவர்களுக்கு ஆதரவாகத்தான். தெரிவுச் சபை என்பது இந்தியர் சட்டம் கொண்டுவந்த அமைப்பு, அதன் அதிகாரம் அடிப்படையில் முதற்குடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய நிலத்துக்குள். அதற்கு வெளியே விரிந்த மூதாதை நிலம் பரம்பரைத் தலைவர்களின் பொறுப்பு என்பது அவர்களின் வாதம். உச்ச நீதிமன்றம் 1997இல் கேட்ட, பூர்வகுடி நில உரித்துப் பற்றிய டெல்கமுக்வ் வழக்கைக் கொண்டுபோனவர்களும் கிட்சான், வெட்சுவெட்டன் பரம்பரைத் தலைவர்களே.

ஆலோசகரிடம் ‘யார் கையெழுத்து வேண்டும்’ என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த மக்களிடம் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, யாரைக் கேட்காமல் விட்டால் பிழை என்று கேளுங்கள். பதில் ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் பரம்பரைத் தலைமை என்று ஒன்று இன்று இருக்காது. அங்கே இந்தக் கேள்வியே தேவையில்லை.

15. தங்கச் சான்றிதழ் எடுத்தால் பிறகு பாதுகாப்புத்தானே?

கனடியப் பூர்வகுடி வணிகப் பேரவை வழங்கும் சான்று தலைமை, வேலைவாய்ப்பு, வணிக மேம்பாடு, சமூக உறவு என்ற நான்கையும் பார்க்கிறது. உறுதிமொழி நிலையில் தொடங்கி வெண்கலம், வெள்ளி, தங்கம் வரை. வெளியாள் சரிபார்ப்பார், பூர்வகுடி நடுவர்கள் தீர்மானிப்பார்கள். மதிப்புள்ள சான்றுதான், ஆனால் அது நேற்றுவரை செய்ததற்கு. நாளைக்கு வெடிக்கப்போகும் டைனமைட்டுக்கு அல்ல.

டைனமைட் என்றது அலங்காரத்துக்கு அல்ல. அவுஸ்திரேலியாவில் நல்லிணக்கச் செயல்திட்டங்களுக்கு நான்கு படிகள்; உச்சப் படியில் இருந்த நிறுவனம் சுரங்கக் கம்பனியான ரியோ ரின்ரோ. அது 2020 மே மாதம், மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜூகன் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டு மனித வாழ்வின் தடயம் கொண்ட பாறைக் குகைகளை இரும்புத்தாதுக்காக வெடிவைத்துத் தகர்த்தது. 2013இல் பெற்ற அரச அனுமதியோடு, சட்டப்படி. உரித்துடைய மக்கள் தடுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லிணக்கத் திட்டத்தைப் பார்க்கும் பகுதியும் வெடிவைக்கும் பகுதியும் வேறு வேறாக இருந்தால் நடப்பது இதுதான். அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டது, தலைமை நிறைவேற்று அதிகாரி பதவி விலகினார், குகைகள் திரும்பி வரவில்லை. உங்கள் திட்டத்தில், வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்ற ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

16. எங்களிட்ட ஒரு பூர்வகுடிப் பிள்ளை வேலை செய்யிறா. அவவையே பொறுப்பா விட்டால் செலவு மிச்சம்தானே?

கணக்காளராகச் சேர்ந்தவரிடம் 150 ஆண்டு வரலாற்றை விளக்கும் வேலையைச் சம்பளம் இல்லாமல் ஏற்றுவது இது. ஒவ்வொரு குழுவிலும் அவர், ஒவ்வொரு படத்திலும் அவர். அவர் குடும்பத்திலேயே வதிவிடப் பள்ளிக் காயம் இருக்கலாம். சிலர் தத்துப்போய்ச் சமூகத்தை அறியாமல் வளர்ந்திருக்கலாம். விரும்பினால் சேரலாம், மறுத்தால் எந்தக் குறையும் வராது என்று எழுத்தில் சொல்லுங்கள். சேர்ந்தால் வழக்கமான வேலையைக் குறைத்து, அந்த மணித்தியாலங்களுக்குச் சம்பளம் கொடுங்கள்.

17. பயிற்சியில ஒருத்தர் எழும்பி, ‘அவைக்கு வரியே இல்லை, எல்லாம் இலவசம், நாங்கள் மட்டும் முறிஞ்சு உழைக்கிறம்’ எண்டார். என்ன சொல்லுறது?

வாயை அடைக்காதீர்கள், பதில் நேரானது. இந்தியர் சட்டத்தின் 87ஆம் பிரிவு விலக்கு, ஸ்ரேற்றஸ் உள்ள முதற்குடியினரின் ஒதுக்கு நிலத்துச் சொத்துக்கும் வருமானத்துக்கும்தான். மேட்டி, இனுயிட் மக்களுக்கு அது இல்லை. ஸ்காபரோவில் வாழ்ந்து ஸ்காபரோவில் வேலை செய்யும் ஸ்ரேற்றஸ் உள்ளவரும் பொதுவாக உங்களைப் போலவே வருமான வரி கட்டுகிறார். 6ஆம் கேள்வியில் சொன்ன 8 வீதம் மாகாணத்தின் ஏற்பாடு. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம்: வில்லியம்ஸ் உடன்படிக்கைகளின் ஏழு முதற்குடிகளுக்கு 2018இல் கிடைத்த 1.11 பில்லியன் டொலர் நன்கொடை அல்ல. 1923இல் நிலத்துக்குச் சரியாகக் கொடுக்காததற்கும் வேட்டை, மீன்பிடி உரிமைகளை மறுத்ததற்கும் கட்டிய பாக்கி.

18. செய்தது பலிச்சுதா எண்டு எப்பிடித் தெரியும்?

எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள், எத்தனை சட்டை வாங்கினோம் என்ற எண்களை விடுங்கள். 9ஆம் கேள்வியில் எடுத்த பூச்சியம் எவ்வளவாக மாறியது என்று பாருங்கள். சேர்ந்த பூர்வகுடி ஊழியர் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் இருக்கிறாரா, போனவர் ஏன் போனார் என்று வெளியாள் ஒருவர் மூலம் கேளுங்கள். முறைப்பாடு ஒன்றுமே வரவில்லை என்றால் நல்லது நடக்கிறது என்று அர்த்தம் இல்லை. முறையிடும் வழியை யாரும் நம்பவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

சுலபமான ஒரு சோதனை உண்டு. ஆலோசகரின் ஒப்பந்தம் முடிந்து ஓராண்டு கழித்து, அவர் அறிமுகப்படுத்திய சமூகத்தவர்களில் எத்தனை பேரோடு, அவர் நடுவில் இல்லாமல், உங்களுக்கு இன்னும் பேச்சு இருக்கிறது? அவர்களில் யாராவது தாங்களாகவே உங்களை ஏதாவது கேட்டு அழைத்தார்களா?